தாலிக்கொடியில் ஒரு பர்மா நட்சத்திரம்

என் அத்தையின் தாலிக்கொடியில் ஒரு மெடல் தொங்கியது. சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் பக்கம் தாலிக்கொடியில் குண்டு கோப்பார்கள், காசு கோப்பார்கள், கொஞ்சம் கையில் இருந்தால் லட்சுமி பதித்த தங்கக் காசு கோப்பார்கள். ஆறு முனை வைத்த வெண்கல நட்சத்திரத்தைக் கோத்தவள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். நடுவில் வெள்ளைக்கார ராசாவின் கிரீடம், அதைச் சுற்றி இங்கிலீசில் பர்மா நட்சத்திரம் என்று எழுத்து. முனை குத்திக் குத்தி அவளுடைய ரவிக்கை எல்லாம் நெஞ்சுப் பக்கம் கிழிந்து போகும். ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தவள் நான்.

தன் புருசனுக்குச் சர்க்கார் அனுப்பிய மெடல் என்று நினைத்து அவள் அதை மாட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் புருசனுடையது அல்ல. என் அப்பாவுடையது. எனக்கு அது முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ரவிக்கை தைத்தேன்.

அப்பா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்துக்காரர். மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஒரு வருசம், சேந்தமங்கலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய் நெஞ்சை அளக்கக் கொடுத்தாராம். பெங்களூரில் பயிற்சி. துப்பாக்கி பிடித்து முன்னால் ஓடுகிற கூட்டத்தில் அவரைச் சேர்க்கவில்லை. ஆற்றுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் பூட்டுகிற கூட்டத்தில் சேர்த்தார்கள். அசாம் மலையில் ரோடு போட்டார்கள். பிறகு பர்மாவுக்குள் இறங்கி, ரங்கூன் வரைக்கும் பாலம் போட்டுக்கொண்டே போனார்கள். மூன்று பட்டை தைத்த ஹவில்தாராகத் திரும்பி வந்து, பட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஏர் பிடித்தார். அம்மாவைக் கட்டினார், என்னைப் பெற்றார். மெடல்கள் பிற்பாடு தபாலில் வந்தனவாம்.

நான்கு மெடல்கள். இரண்டு நட்சத்திரம், இரண்டு வட்டம். ஒரு வட்டத்தில் சிங்கம் ஒன்று இரட்டைத்தலை மிருகத்தை மிதித்துக்கொண்டு நிற்கும். இன்னொரு வட்டத்தில் நம் நாட்டின் படம், துண்டாகாத பழைய படம். நான்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அப்பா அவற்றை மாட்டி நான் பார்த்ததே இல்லை. சேலத்தில் பழைய பட்டாளத்துக்காரர்கள் கூட்டம் நடக்கும்போது மற்றவர்கள் நெஞ்சில் வரிசையாகக் குத்திக்கொண்டு மிடுக்காக வருவார்கள். அப்பா வெறும் சட்டையோடு போவார். அம்மாவுக்கு ஆத்திரமாக வரும்.

"ஏனுங்க, மத்தவியெல்லாம் நெஞ்சு நெறையக் குத்தீட்டு வாராங்க. நீங்க மட்டும் எழவு ஊட்டுக்குப் போறாப்பல போறீங்களே!"

"குத்துனா சட்டை கிழியும் புள்ள" என்பார் அப்பா. அவ்வளவுதான்.

அந்த டப்பாவை வருசத்துக்கு ஒரு தடவை திறப்பது அத்தைதான். அப்பாவின் தங்கச்சி அவள். எருமப்பட்டிக்கு அப்பால் அவள் புருசனுடைய தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருந்தாள். ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்ததும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மெடல்களைத் தேய்ப்பாள். கலப்பை, அரிவாள், கடப்பாரை, அவற்றோடு நான்கு மெடல்களையும் வைத்து, ராசாவின் கிரீடம் வைத்த தலைக்கு நேராகக் குங்குமம் வைப்பாள். வைத்துவிட்டுத் தன் புருசனை நினைத்து ஒவ்வொரு வருசமும் ஒன்றையே கேட்பாள்.

"ஏனுங்ணா, இதே மாதிரி அவியளுக்கும் வருமுங்களா?"

"வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா கட்டுத்தரைப் பக்கம் போய்விடுவார். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டுமாம். காலையில்தான் காட்டியிருப்பார்.

அத்தையின் புருசனான அந்த மாமாவைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே அப்பாதான். இது எங்கள் ஊருக்கே தெரிந்த கதை. அப்பா முதல் லீவில் பூட்ஸ் காலோடு வந்து இறங்கியபோது அத்தைக்குக் கல்யாணம் ஆகி ஒரு தீபாவளி நோம்பிகூடக் கழியவில்லை. பட்டாளத்தில் சர்க்கரை கொடுக்கிறார்கள், கறி போடுகிறார்கள், கம்பளி கொடுக்கிறார்கள் என்று அப்பா அளந்துவிட, மாமா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். மாமாவின் வீட்டார் வேண்டாம் என்றார்கள். "நான் இருக்கறேன், மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று அப்பா வாக்குக் கொடுத்துக் கூட்டிப்போனார். போன இடத்தில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். மாமாவைச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏற்றினார்கள். சிங்கப்பூர் சப்பான்காரன் கையில் விழுந்தது. மாமாவைக் காணவில்லை என்று பட்டாளத்தார் சொல்லி அனுப்பினார்கள். செத்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை.

சண்டை முடிந்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சிலர் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. அத்தை பொட்டை அழிக்கவும் இல்லை, பூவை எடுக்கவும் இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டை அவள் தொட்டால் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள். அப்போது அப்பாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வருமோ. "என்ற தங்கச்சிதான் முன்னால நிக்கோணும். புடிக்காதவன் எந்திரிச்சுப் போ" என்று பந்தலே அதிரக் கத்துவார். ஊரில் யாருக்கும் வாதத்துக்கு நிற்காத மனிதர், இந்த ஒன்றுக்கு மட்டும் அடிதடிக்கு நின்றார். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று நானும் பூரித்துப் போயிருக்கிறேன். அட, என் புத்தியை என்ன சொல்ல!

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது இருக்கும். பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன். வடக்கே நடந்த சண்டையில் பிடிபட்ட நம் சிப்பாய்களை விட்டுவிட்டார்கள், ஊருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அத்தை அதை எருமப்பட்டி டீக்கடையில் கேட்டிருக்கிறாள். எந்தச் சண்டை, எந்த நாடு என்ற விவரம் எல்லாம் அவளுக்கு எதற்கு? பிடிபட்டவர்களை விடுகிறார்கள், அது போதும். சாளையைப் பூட்டிச் சாவியைத் தலைவாசலில் செருகி வைத்துவிட்டு, சேலம் ஜங்ஷனுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவும் நானும் ஓடினோம். பிளாட்பாரத்தில் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தூக்குப்போசி. உள்ளே இருந்த கச்சாயப் பலகாரம் எறும்பு மொய்த்துக் கிடந்தது. ரயில் நிற்க நிற்க ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து, "எருமப்பட்டிக்காரர் ஆராச்சும் இருக்கறீங்களா?" என்று கூவியிருக்கிறாள். ஜங்ஷன் போர்ட்டர்கள் அவளுக்குக் கிறுக்கு என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அப்பா அவளைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் அவளை இழுத்து வந்தேன்.

அடுத்த வாரம் அப்பா பிஸ்கட் டப்பாவிலிருந்து பர்மா நட்சத்திரத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டு அத்தையின் சாளைக்குப் போனார். கடலைச் செடி பிடுங்குகிற காலம். நானும் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அவர் அதை அத்தையின் கையில் வைத்து, "மாப்பிள்ளைக்கு வந்துது சாமி" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கணக்கு இதுதான். பட்டாளத்தில் செத்தவனுடைய மெடலைத்தான் பெண்டாட்டி கையில் கொடுப்பார்கள். அதை அவள் புரிந்துகொள்வாள், ஓவென்று அழுவாள், இவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய வேலை இல்லாமல் போய்விடும். கோழைத்தனமான கணக்கு. ஆனால் அத்தை அழவில்லை. மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"பாத்தீங்களாண்ணா! சர்க்காருக்கு அவிய இருக்கறது தெரிஞ்சிருக்குது. இல்லாத மனுசனுக்கு ஆராச்சும் பரிசு குடுப்பாங்களா?"

அப்பா நிமிர்ந்தார். அத்தை அதற்குள் ரிப்பனைக் கழற்றிச் சாமி படத்துக்கு மாட்டிவிட்டு, மெடலின் வளையத்தைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டிருந்தாள். அது டப்பாவில் இருந்த மெடல் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. எத்தனை ஆயுத பூசைக்குப் பார்த்திருப்பேன்! அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டாமா, அவள்தானே தேய்த்தவள் என்று கேட்பீர்கள். எல்லாப் பட்டாளத்துக்காரனுக்கும் ஒரே அச்சில்தான் அடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதே மாதிரி வரும் என்றுதானே இத்தனை வருசம் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவைக் கேட்டேன். "ஏனுங்ப்பா, அது உங்களுதுதானுங்க?" அவர் வேகமாக நடந்தார். அண்ணன் தங்கச்சிக்கு ஒரு ஆறுதல் கொடுத்தார், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் சேலம் ஜங்ஷனுக்கு அவள் போகவில்லை. போக வேண்டியதில்லையாம். சர்க்காருக்கே தெரியும்போது அவர்களே கொண்டுவந்து விடுவார்களாம்.

என் கல்யாணத்தில் அத்தைதான் முன்னால் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் சேலம் பக்கத்து ஆட்கள். ஆரத்தி எடுக்க அவள் குனிந்தபோது நட்சத்திரம் சேலைக்கு வெளியே வந்து ஆடியது. "அந்தம்மா போலீசுங்களா?" என்று ஒருவர் கேட்டார். பந்தலே சிரித்தது. நானும் மணவறையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பா மட்டும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அந்த மெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பிரிகிற வெசனம் என்று எல்லோரும் அவரைத் தேற்றினார்கள்.

எண்பதுகளில் அத்தைக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் விடியற்காலை கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். கூப்பிட ஆள் இல்லை. பொழுது சாயும்போது ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் முனகல் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறாள். அதுவரைக்கும் சாணியிலேயே கிடந்திருக்கிறாள். கட்டுப் போட்டு, அப்பா வீட்டில் வைத்துத் தேற்றினோம். கொஞ்சம் நடமாட முடிந்ததுமே சாளைக்குப் போகிறேன் என்று நின்றாள்.

"இங்கயே இருந்துக்கங்க அத்தை" என்று கெஞ்சினேன்.

"அவிய வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா?"

அம்மா அழுதாள், நான் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த தடவை விழுந்தால் அந்த ஆடு மேய்க்கிற பெண் அந்தப் பக்கம் வருவாள் என்று என்ன நிச்சயம்? அவள் அந்தச் சாளையில் அனாதையாகச் சாகப் போகிறாள், அதுவும் வராத ஒருவருக்காக.

அதற்குள் நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் புருசன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். ஒரு மத்தியானம் அப்பா தனியாக பஸ் ஏறி வந்தார். என் வீட்டுக்கு அவர் சொல்லாமல் வந்ததே கிடையாது. காப்பி வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. ஏர்க்காடு மலை ஏறுகிற லாரிகளைச் சன்னல் வழியாகப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளைய நான் பாத்தேன் அம்மிணி."

"எங்கீங்க? எப்ப?"

"ரங்கூன் ரோட்டுல. ஒரு ஓடைக்குப் பாலம் பூட்டீட்டிருந்தோம். புடிபட்டவிய ஒரு கூட்டத்தக் கொண்டாந்து ரோட்டோரம் உக்கார வெச்சாங்க. சிங்கப்பூர்ல சப்பான்காரங்கிட்ட மாட்டி, அப்பறம் அங்கயே படையா சேந்து வெள்ளக்காரன எதுத்துச் சண்டைக்கு வந்த நம்மாளுங்க. எலும்புந் தோலுமா இருந்தாங்க. அதுல தாடி வெச்ச ஒருத்தரு என்னயப் பாத்து மச்சான்னாரு."

"மாமாவேதானுங்களா?" என்றேன்.

"பக்கத்துல ஆபீசர் நிக்கறான். உனக்குத் தெரிஞ்ச ஆளான்னு கேட்டான். இல்லீங்க சாகிப்னு சொல்லீட்டேன்."

"ஏனுங்ப்பா?"

"அந்தப் படையில சொந்தம் இருக்கறவனையெல்லாம் தனியாக் கூட்டீட்டுப் போயி விசாரிச்சுட்டிருந்தாங்க. எனக்கு அப்பத்தான் மூணாவது பட்டை குடுத்திருந்தாங்க. பயம் அம்மிணி. வேறொண்ணும் இல்ல. பயம்."

மாமா திரும்பவும் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறார். அப்பாவோடு வேலை செய்த பையன் ஒருவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"நாந்தான் அவன அதட்டுனேன். வேலையப் பாருடான்னேன். ஹவில்தாரு இல்லையா நான்! அவனும் திரும்பி வந்துட்டான். நான் குனிஞ்சு போல்ட்டு முடுக்கீட்டே இருந்தேன். பொழுதெறங்கப் பாத்தேன். அந்த எடத்துல ஆருமில்ல."

"அப்பறம்?"

"அப்பறம் மெடலு குடுத்தாங்க."

எனக்கு அந்தக் கிழவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை வந்துவிட்டது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன மனிதர், ஒரு வாய்த் தண்ணீரைத் தடுத்தவர். இரண்டும் ஒரே ஆள். அந்த மெடலைத் தாலியில் தொங்கவிட்டுக்கொண்டு அத்தை என் தலையில் அட்சதை போட்டாள், நான் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

"சண்டை முடிஞ்சதும் அவியளையெல்லாம் உட்டுட்டாங்க. இருந்திருந்தா வந்திருக்கோணும். வரல. அதுலயே தெரிஞ்சு போச்சு" என்றார் அப்பா. "சொல்லீரலாமுன்னு ஒவ்வொரு வருசமும் நெனைப்பேன். சொன்னா பூவும் பொட்டும் போயிரும். நான் பண்ணுன பாவத்துக்கு அவ மூளியாகோணுமான்னு உட்டுட்டேன். இப்ப அவ அங்க உழுந்து செத்தாலும் அது என்னாலதான். என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

சொன்னேன். நான்தான் சொன்னேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது. "நாளைக்கே போயி சொல்லீருங்க. நானும் வாரேன். தெரிஞ்சா அழுவாங்க, அழுது தீத்துட்டு நம்ம ஊட்டுக்கு வந்துருவாங்க. பொட்டு கிட்டு எல்லாம் இந்தக் காலத்துல ஆரு பாக்கறா? வெச்சுக்கட்டும். ஆரு கேக்கறாங்கன்னு நான் பாத்துக்கறேன்." உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு அன்று அப்படி ஒரு திமிர். படித்தவள் அல்லவா.

அன்றே அப்பாவோடு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கெழவியாகறவரைக்கும் பொத்தி வெச்சிருந்து, இப்பப் போயி அவ தாலிய அறுக்கோணுமா? உங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சு என்ன கல்லா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருசம் அவளிடமும் மறைத்திருந்தார் என்ற கோபம் வேறு. நான் அவளையும் மடக்கிப் பேசினேன். கடைசியில், "போ, போயி அவளக் கூட்டீட்டாச்சும் வா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே அத்தைக்கு ஒரு அறையைக் கூட்டிப் பெருக்கிக் கட்டில் போட்டாள்.

நாங்கள் போனபோது அத்தை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, வா சாமி, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். அப்பா உட்காரவில்லை. வெயிலில் நின்றபடியே, மேலதிகாரிக்குச் சொல்வது போல, கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. தண்ணீர் கொண்டுபோன பையனை அதட்டியதையும் சொன்னார். மெடல் தன்னுடையது என்பதையும் சொன்னார்.

அத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். நான் அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் விழவில்லை.

"தாடி வெச்சிருந்தாங்களா?" என்றாள்.

"ஆமா."

"ரொம்ப எளச்சுப் போயிருந்தாங்களா?"

"ஆமா சாமி."

"அப்பச் சிங்கப்பூர்ல அவியளுக்கு ஒண்ணும் ஆகல!" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோசம். சிங்கப்பூருக்குப் பிறகு அவருடைய சேதி என்று அவளுக்குக் கிடைப்பதே இதுதான். தாடி, இளைப்பு, மச்சான் என்ற ஒரு சொல். அதை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கை நின்றது.

"தண்ணி கேட்டாங்க. நீங்க குடுக்கல."

கையில் இருந்த கடலையை உரிக்காமலே முறத்தில் போட்டாள்.

"அவிய செத்தத நீங்க பாத்தீங்களாண்ணா?"

"இல்ல சாமி. நிமுந்து பாக்கறப்ப..."

"பாக்கல. பாக்காம எப்படிச் செத்துப் போனாங்கன்னு சொல்றீங்க?"

"உட்டுட்டாங்கல்ல எல்லாரையும். இருந்திருந்தா வந்திருப்பாங்கல்ல?"

"எப்படி வருவாங்க?" அத்தை முறத்தைத் தள்ளி வைத்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அன்றுதான் பார்த்தேன். "நீங்க கூப்புட்டுத்தான் அவிய போனாங்க. அப்பேர்ப்பட்ட மச்சானே தெரியாதுன்னு சொன்னதுக்கு அப்பறம் எந்த மொகத்த வெச்சுட்டு இந்தூருக்கு வருவாங்க? ரோசக்காரங்க அவிய. எங்கயோ இருக்கறாங்க. நீங்க சொன்ன சொல்லுனாலதான் வராம இருக்கறாங்க. இது தெரியாம நான் சர்க்கார் கொண்டாந்து உடுமுன்னு உக்காந்திருந்தேன் பாருங்க!"

"அத்தை, அப்படியில்லீங்க, மாமா..." என்று நான் வாயெடுத்தேன்.

"நீ சும்மா இரு அம்மிணி."

கழுத்தில் கையை விட்டு நட்சத்திரத்தை மட்டும் கழற்றி அப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள். தாலியைச் சேலைக்குள் எடுத்துவிட்டுக்கொண்டாள். கம்பை ஊன்றி எழுந்து, சாளைக்குள் போய் ஒரு கட்டிலை இழுத்து வந்தாள். நான் பிடிக்கப் போனதற்கு என் கையைத் தட்டிவிட்டாள். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வேப்பமரத்தடியில் அதைப் போட்டாள்.

"இங்க இருங்க. அவிய அந்தப் பக்கம் வந்து நின்னா, மாப்பிள்ளைன்னு நீங்கதான் மொதல்ல கூப்புடோணும். நான் கூப்புட்டாப் பத்தாது. நீங்க கூப்புட்டாத்தான் உள்ள வருவாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் கட்டிலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். பொழுது சாய்கிற வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நீ போ சாமி" என்றார். சிறிது நேரம் கழித்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அவ சொல்றாப்பல இருக்குமோ அம்மிணி? மாப்பிள்ளை எங்கயாச்சும் இருப்பாரோ?"

கடைசி பஸ்ஸில் நான் மட்டும் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா வாசலில் நின்று என் பின்னால் பார்த்தாள், பஸ் போன பக்கம் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அத்தையக் கூட்டியாறேன்னுதான போன?" என்றாள் அம்மா. "இருந்த மனுசனையும் அங்க உட்டுட்டு வந்து நிக்கறயே, பாவி."

அத்தைக்காகப் போட்ட கட்டிலில் அன்று நான் படுத்தேன். மறுநாள் காலை அப்பாவின் வேட்டி சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்து அம்மா என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு எருமப்பட்டி பஸ் ஏறினேன்.